கேளம்பாக்கம் வட்டார மாணவர் உறைவிடங்கள்

கேளம்பாக்கம் வட்டார மாணவர் உறைவிடங்கள் என்பவை தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் கேளம்பாக்கம், படூர், புதுப்பாக்கம், மேலக்கோட்டையூர் முதலிய ஊர்களில் கல்லூரி மாணவர்கள் தங்கிப் படிக்கும் விடுதிகளையும் வாடகை வீடுகளையும் குறிக்கும். இவ்வட்டாரம் சென்னைக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையும் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையும் கூடும் இடத்தில் அமைந்துள்ளது. இங்கிருந்து கிழக்கே செல்லும் சாலை கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைகிறது. கோவளத்துக்குத் தெற்கே திருவிடந்தை உள்ளது.

== கல்லூரிகளின் வருகை ==

படூரில் இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி 1985ஆம் ஆண்டிலும், காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி 1996ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. 2007இல் மத்திய அரசின் இந்தியத் தகவல் தொழில்நுட்ப, வடிவமைப்பு மற்றும் உற்பத்திக் கழகம் நிறுவப்பட்டது. காஞ்சிபுரத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதன் வளாகம் மேலக்கோட்டையூரில் உள்ளது. 2010இல் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகம் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் திறக்கப்பட்டது.

1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தை அடுத்து, மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாகவே உருவாக்கப்பட்டது. வகுப்பறையும் விடுதியும் அங்கு ஒரே திட்டத்தின் பகுதிகளாக இருந்தன. கேளம்பாக்கம் வட்டாரத்தில் கல்லூரிகள் பல்வேறு காலங்களில், பல்வேறு நிருவாகங்களால் தனித்தனியே அமைக்கப்பட்டன. வளாக விடுதியில் இடம் பெறாதவர்களும் அதன் கட்டணத்தைச் செலுத்த இயலாதவர்களும் சுற்றியுள்ள ஊர்களில் தங்குமிடம் தேடுகின்றனர்.

== சட்டக் கல்லூரி இடமாற்றம் ==

இவ்வட்டாரத்தின் உறைவிடச் சிக்கலைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு, சென்னை அரசு சட்டக் கல்லூரியின் இடமாற்றம் ஆகும். 1891இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி பாரிமுனையில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கி வந்தது. 2008ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அங்கு மாணவர்களிடையே கடும் மோதல் நிகழ்ந்தது. அதனை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி பி. சண்முகம் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அவ்வாணையத்தின் பரிந்துரையை முன்வைத்துக் கல்லூரியை நகருக்கு வெளியே மாற்ற அரசு முடிவு செய்தது. மாணவர்கள் இதனை எதிர்த்துப் போராடினர். எனினும் 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, புதுப்பாக்கத்துக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள பட்டரைப்பெரும்புதூருக்கும் மாற்றப்பட்டது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த புதுப்பாக்கம், 2019 நவம்பர் 29 அன்று உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது.

பாரிமுனையில் படித்தவர்களுக்குக் கடற்கரை தொடருந்து நிலையமும் பிராட்வே பேருந்து நிலையமும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. தனியாகத் தங்குவோருக்கான திருவல்லிக்கேணி மேன்சன்களும் அவற்றைச் சார்ந்த உணவகங்களும் அருகில் இருந்தன. சைதாப்பேட்டை எம். சி. ராஜா விடுதி போன்ற அரசு நல விடுதிகளும் நகருக்குள்ளேயே உள்ளன. வகுப்பு முடிந்ததும் நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதைக் காணவும், வழக்கறிஞர் அலுவலகத்தில் பகுதி நேரமாகப் பணியாற்றவும் இயன்றது. புதுப்பாக்கம் அங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. கட்டிடத்துக்கு மாற்றாகக் கட்டிடம் கிடைத்தது. அதனைச் சூழ்ந்திருந்த மலிவான உறைவிடமும் போக்குவரத்தும் உடன் வரவில்லை.

== உறைவிட வகைகள் ==

* தனியார் விடுதி: படுக்கை ஒன்றுக்கு மாதக் கட்டணம் பெறப்படும். பெரும்பாலும் உணவும் கட்டணத்தில் அடங்கும். பேச்சு வழக்கில் இது "பி.ஜி." எனப்படுகிறது.
* பகிர்வு வீடு: மாணவர் சிலர் சேர்ந்து ஒரு வீட்டை அல்லது அடுக்ககத்தை வாடகைக்கு எடுத்து, வாடகையையும் முன்பணத்தையும் பங்கிட்டுக் கொள்வர்.
* அரசு நல விடுதி: ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் கீழ் இயங்குபவை. இவற்றில் உணவும் தங்குமிடமும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. இவை "சமூகநீதி விடுதிகள்" என அழைக்கப்படும் என 2025 சூலையில் அறிவிக்கப்பட்டது.

பகிர்வு வீட்டில் குடியேறுவோருக்குத் தொழில்நுட்பப் பூங்கா ஊழியர்கள் போட்டியாக உள்ளனர். ஊதியம் பெறும் இருவர் தரக்கூடிய வாடகையை ஈடுகட்ட மாணவர் நால்வர் சேர வேண்டியுள்ளது.

== சட்ட நிலை ==

மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. இதன்படி அத்தகைய விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். ஆண் மாணவர் மட்டும் தங்கும் தனியார் விடுதிகள் இச்சட்டத்தின் வரம்பில் வருவதில்லை.

வாடகை வீடுகளுக்கு 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். இது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து வடிவ ஒப்பந்தம் செய்து பதிவு செய்வதை இது கட்டாயமாக்கியது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ள இடமளிப்பதால், பேரம் பேசும் வலிமையற்ற மாணவருக்கு இதன் பயன் குறைவே.

விடுதிக் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. 2023இல் வரி முன்தீர்ப்பு ஆணையங்கள் 12% வரி உண்டு என்றன. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மாணவியரும் பணிபுரியும் மகளிரும் தங்கும் விடுதிகள் குடியிருப்புகளே எனக் கூறி விலக்களித்தது. அதே ஆண்டு சூனில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமல் தங்குவோரின் மாதக் கட்டணம் 20,000 ரூபாய்க்கு மேற்படாவிடின் வரி இல்லை எனப் பரிந்துரைத்தது.

== நிலமும் நீரும் ==

கிழக்கே கடற்கரையை நோக்கிக் குடியிருப்புகள் விரிவதற்கு வரம்புகள் உள்ளன. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையான பகுதியில் கட்டுமானங்கள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையால் கட்டுப்படுத்தப்படுகின்றன. கோயில் நிலங்களை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விட, 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் ஒப்புதல் தேவை.

திருவிடந்தைக்குத் தெற்கேயுள்ள நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இலும், 15 கோடி லிட்டர் திறன் கொண்ட மற்றொன்று 2024இலும் திறக்கப்பட்டன. இவை சென்னையின் குடிநீர்த் தேவைக்காக அமைக்கப்பட்டவை. தனியார் விடுதிகள் பெரிதும் ஆழ்துளைக் கிணறுகளையும் தண்ணீர் லாரிகளையும் நம்பியுள்ளன. அச்செலவு மாணவரின் மாதக் கட்டணத்தில் சேர்கிறது.

சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ. பரப்பிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக 2022இல் விரிவாக்கப்பட்டது. இதனால் கல்லூரி, விடுதி, போக்குவரத்து ஆகிய மூன்றையும் ஒரே திட்டத்தில் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது.

== இவற்றையும் பார்க்கவும் ==

* செங்கல்பட்டு மாவட்டம்
* திருவிடந்தை
* திருவல்லிக்கேணி
* அண்ணாமலைப் பல்கலைக்கழகம்