பரட்டை அண்ணன் பாடிய வேதம்

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியை அறியாதவர் குறைவு. அந்த மிஷன் லூத்தரன் மரபைச் சேர்ந்தது. பைபிளை ஜெர்மன் மொழியில் தந்த மார்ட்டின் லூதர், வீட்டுத் தாயும் தெருப்பிள்ளையும் சந்தைக்கு வருபவரும் எப்படிப் பேசுகிறார்களோ அப்படி எழுத வேண்டும் என்றார். தமிழில் 1715-லேயே புதிய ஏற்பாடு அச்சேறிவிட்டது. ஆனால் சேரித்தாயின் பேச்சு ஆலயத்துக்குள் நுழைய வெகுகாலம் ஆயிற்று.

அதை உள்ளே அழைத்து வந்தவர்களில் ஒருவர் 'பரட்டை அண்ணன்' என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940-2005). தென்னிந்தியத் திருச்சபையின் போதகர். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர். தலித் இறையியலைப் பாட்டாகவே எழுதியவர்.

இயேசு கற்றுத்தந்த செபத்தை அவர் நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். 'பிதா' இருந்த இடத்தில் 'பெத்தவர்' வந்தார். அந்த ஒரு சொல்லில் அம்மாவும் உண்டு, அப்பாவும் உண்டு. அன்றாட உணவைக் கேட்கும் வேண்டுதல், எல்லோரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் வேண்டுதலாயிற்று. இந்த 'ஒரு உலை'தான் அவருடைய இறையியலின் அடித்தளம். சாதி கடைசி வரை ஒளிந்திருக்கும் இடம் அடுப்படி என்பது நமக்குத் தெரியாததா?

வேதத்தை இப்படி மாற்றலாமா என்று கேட்போர் உண்டு. இயேசு எந்த நூலையும் எழுதி வைக்கவில்லை. அவர் பேசினார், கேட்டவர்கள் பிறருக்குச் சொன்னார்கள், எழுத்து பிறகு வந்தது. அச்சிட்ட வரி அப்படியே நிற்கும். நாட்டுப்பாட்டோ பாடுகிறவர் வாயில் வளரும். நடவு நடுகிற பெண் தன் துயரத்துக்கு ஏற்ப ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வாள். அவளுக்குப் படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். அதுவே நாட்டுப்பாட்டின் பலம் என்று வாதிட்டார் அப்பாவு. மாற்றத்துக்கு உதவும் நாட்டார் வழக்காறு பற்றி 1986-இல் ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் முழங்க வைத்தார்.

அப்படியானால் உண்மையை எதைக் கொண்டு அளப்பது? மேடையில் எத்தனை வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறார் என்பதைக் கொண்டல்ல. கேட்டவர்கள் வீடு திரும்பியபின் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். ஒரே வேதத்தை வாசித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அங்கே வேதம் வாசிக்கப்பட்டது, வாழப்படவில்லை.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான செய்தியல்ல. கோயிலானாலும் ஆலயமானாலும், புனிதம் என்று நமக்குச் சொல்லப்படும் எதையும் இந்த உலையில் வைத்துப் பார்க்கலாம்.

மாணவத் தம்பி தங்கைகளிடம் நாம் கேட்பது ஒன்றுதான். உங்கள் காலனியில் பாட்டி பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் செல்போனில் பதிவுசெய்யுங்கள். பாடநூல் எழுதாத நம் உண்மை அதில் இருக்கிறது.