தபால் வாக்கு நிராகரிக்கப்பட்டால் வாக்காளருக்குத் தெரியுமா? விதிகள் கூறுவது என்ன?

திருப்பதி: தபால் வாக்கு அளித்தவர்கள், தங்கள் வாக்கு எண்ணப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்பதை அறிய தற்போதைய விதிகளில் வழி இல்லை. 2024 ஆந்திரத் தேர்தலில் எழுந்த முத்திரை சர்ச்சை இந்த இடைவெளியை வெளிச்சமிட்டுக் காட்டியது.

யார் தவறு?

ஆந்திராவில் 2024 மே 13 அன்று மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடைபெற்றது. நகரியில் வாக்குரிமை உள்ள ஆசிரியர் சித்தூரிலும், ஸ்ரீகாளஹஸ்தி வாக்காளர் திருப்பதியிலும் தேர்தல் பணியாற்றினால், அவர்கள் வாக்காளர் வசதி மையத்தில் தபால் வாக்கு அளிக்க வேண்டும். வாக்குச்சீட்டுடன் படிவம் 13ஏ எனப்படும் உறுதிமொழியில் வாக்காளர் கையொப்பமிட, அலுவலர் ஒருவர் அதற்குச் சான்றொப்பம் இடுவார்.

சில படிவங்களில் அலுவலரின் கையொப்பம் இருந்தும் பெயர், பதவி, முத்திரை இல்லை. அவற்றையும் ஏற்கலாம் எனத் தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியதை எதிர்த்து ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் நீதிமன்றம் சென்றது. தேர்தல் மனுவாகவே இதை எழுப்ப முடியும் எனக் கூறி ஆந்திர உயர் நீதிமன்றம் ஜூன் 1-ல் தலையிட மறுத்தது. வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய நாளான ஜூன் 3-ல் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

முத்திரை இடாதது அலுவலரின் விடுபாடு. ஆனால், வாக்கு நிராகரிக்கப்பட்டால் இழப்பு வாக்காளருக்கே.

விதி 54ஏ

1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளின் 54ஏ பிரிவின்படி, வாக்கு எண்ணிக்கையில் தபால் வாக்குகளே முதலில் எடுக்கப்படும். உறுதிமொழி இல்லாவிட்டாலோ, கையொப்பமும் சான்றொப்பமும் முறையாக இல்லாவிட்டாலோ, அதில் உள்ள வரிசை எண் உறையின் எண்ணுடன் ஒத்துப்போகாவிட்டாலோ, வாக்குச்சீட்டு உறையைத் திறக்காமலேயே தேர்தல் நடத்தும் அலுவலர் அதை நிராகரிக்க வேண்டும்.

அப்போது வேட்பாளர்களின் முகவர்கள் உடனிருப்பர். வாக்காளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி இல்லை. உறுதிமொழியில் அவரது பெயர் இருப்பதாலும், உறை திறக்கப்படாததாலும், இத்தகைய நிராகரிப்பைத் தெரிவிப்பதால் வாக்கின் ரகசியம் வெளிப்படாது.

ஏன் முக்கியம்?

2016-ல் நெல்லை மாவட்டம் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தலைமை ஆசிரியர்களின் சான்றொப்பத்தை ஏற்காமல் 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டதாக தி.மு.க.வின் அப்பாவு வழக்குத் தொடர்ந்தார். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி மறு எண்ணிக்கை நடைபெற்றது. எனினும், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

குஜராத்தின் தோல்காவில் 2017-ல் வெற்றி வித்தியாசம் 327. நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் 429. அந்த வெற்றியை 2020-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

வெற்றி வித்தியாசத்தைவிட நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் அதிகம் எனில், முடிவை அறிவிக்கும் முன் அவற்றை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். இது முடிவைப் பாதுகாக்கிறது; ஆனால், வாக்காளருக்குத் தகவல் தருவதில்லை. 45 நாட்களுக்குள் தேர்தல் மனு தாக்கல் செய்யும் உரிமை வாக்காளருக்கும் உண்டு. தனது வாக்கு நிராகரிக்கப்பட்டதே தெரியாதவரால் அந்த உரிமையைப் பயன்படுத்த இயலாது.

வெளிநாட்டில்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் கையொப்பம் ஒத்துப்போகாத தபால் வாக்கை நிராகரிக்கும் முன், வாக்காளருக்குத் தெரிவித்துச் சரிசெய்ய வாய்ப்பளிக்க வேண்டும் என 2018-ல் சட்டம் இயற்றப்பட்டது. அங்கு எண்ணிக்கை பல நாட்கள் நீடிப்பதால் இது சாத்தியமாகிறது. இந்தியாவில் உறைகள் எண்ணிக்கை நாளன்றே திறக்கப்படுகின்றன.

எனவே, பிழையைத் திருத்தும் வாய்ப்பு உறையை ஒட்டும் முன் மட்டுமே. தனது கையொப்பம், அலுவலரின் சான்றொப்பம், பெயர், பதவி, முத்திரை, வரிசை எண் ஆகியவற்றை வாக்காளர் மையத்திலேயே சரிபார்த்துக்கொள்வது அவசியம்.