நோட்டுக்குள் தூங்கும் சர்க்கரை அளவு

கர்ப்பகாலச் சர்க்கரை என்று தெரிந்ததும் இங்கிலாந்தில் அந்தப் பெண்ணிடம் ஒரு குளுக்கோமீட்டரும் சின்ன நோட்டும் கொடுத்து அனுப்புவது நெடுநாள் வழக்கம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை, ஒவ்வொரு வேளை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை என விரலில் குத்தி, வரும் அளவை எழுதிவைக்க வேண்டும். வெறும் வயிற்றில் 95, சாப்பிட்டபின் 140 என்பது நம் மில்லிகிராம் கணக்கில் எல்லைக்கோடு. புதன்கிழமை இரவு 165 காட்டினால்? அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்வரை, இரண்டு வாரமானாலும், அந்த எண் நோட்டுக்குள்ளேயே கிடக்கும்.

அந்த இரண்டு வாரம் சின்ன விஷயமல்ல. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலின் வேலைசெய்வதைத் தடுக்கின்றன. தாயின் ரத்தத்தில் மிகும் குளுக்கோஸ் குழந்தைக்குப் போய்ச் சேரும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் பிஞ்சுக் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்க, குழந்தை அளவுமீறிப் பெருக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிஞ்சும். பிறந்த சில மணி நேரத்தில் சில குழந்தைகளுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது இதனால்தான். பெரும்பாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் கண்டுபிடிக்கிறார்கள். கையில் மிச்சமிருப்பது மூன்று மாதம்.

ஆக்ஸ்ஃபோர்டில் பொறியாளர் லயனல் தாரசென்கோவும் மகப்பேறு மருத்துவர் லூசி மெக்கிலப்பும் சேர்ந்து உருவாக்கிய ‘ஜிடிஎம்-ஹெல்த்’ செயலி இந்தக் காத்திருப்பைத்தான் குறிவைத்தது. மீட்டரிலிருந்து அளவு ப்ளூடூத் வழியாகப் போனுக்கு வரும். எந்த வேளை, என்ன மருந்து என்று அந்தப் பெண் குறித்தால் போதும். மருத்துவமனையில் மருத்துவச்சியின் திரையில் அது தெரியும். அவர் பார்த்துவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவார், தேவைப்பட்டால் கூப்பிடுவார். என் பார்வையில் செயலியின் உயிர் இந்த மருத்துவச்சிதான். திரையைப் பார்க்க அவருக்கு நேரம் ஒதுக்காத மருத்துவமனையில் போனும் இன்னொரு நோட்டாகத்தான் இருக்கும்.

203 பெண்களிடம் இதைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை கட்டுப்பட்டதில் செயலிக்காரர்களுக்கும் நோட்டுக்காரர்களுக்கும் வித்தியாசமில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் செயலி வைத்திருந்தவர்கள் கூடுதலான முறை பரிசோதித்துக்கொண்டார்கள், சிகிச்சையில் அதிக நிறைவு கண்டார்கள். சிசேரியன் அவர்களிடையே சுமார் 27 சதவீதம், மற்றவர்களிடையே 46. ஆய்வின் முதன்மைக் கேள்வி அதுவல்ல என்பதால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் இந்த எண்ணைச் சட்டென்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

நார்வேயின் ஓஸ்லோ வட்டாரத்தில் ‘ப்ரெக்னன்ட் ப்ளஸ்’ என்ற செயலியை நார்வேஜியனோடு உருது, சோமாலி மொழிகளிலும் செய்தார்கள். அங்கே சிகிச்சைக்கு வருகிறவர்களில் பாகிஸ்தான், சோமாலியா வேர்கொண்ட பெண்களும் உண்டு. மொழி மட்டுமல்ல, உணவும் பொருந்த வேண்டும்: சப்பாத்தி சாப்பிடுகிறவரிடம் ரொட்டித் துண்டுக் கணக்கைச் சொல்லி என்ன பயன்? அந்தச் செயலியை 238 பெண்களிடம் சோதித்தபோது, பிரசவத்துக்கு மூன்று மாதம் கழித்து எடுத்த குளுக்கோஸ் பரிசோதனையில் செயலி வைத்திருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த மூன்றாம் மாதத்துக்குப் பிறகு என்ன என்பதுதான் எனக்குக் கவலை. குழந்தை பிறந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும், மீட்டர் அலமாரிக்குப் போகும். ஆனால் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்கச் சொல்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும் தாய்க்கு அந்த நாளை நினைவூட்டவும் இப்படியொரு செயலி போனில் இருக்க வேண்டும்.