முதிர்வயதினரும் பல்கலைக்கழக ஆயத்தப் படிப்பும்

பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திய ஒருவர் நாற்பது வயதிற்குப் பின், "ஐயா, நான் இனிப் பட்டம் படிக்கக் கூடுமா?" எனத் தம் ஆயரிடம் வினவுவது செம்பாக்கம் போன்ற புறநகர்ச் சபைகளில் புதிதன்று. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது முதல் இவ்வட்டாரத்தார் கல்லூரியை அருகிலேயே காண்கின்றனர். ஆயினும் அண்மை மட்டும் வழியாகிவிடாது. "கூடும்" என்று விடையிறுத்தல் எளிது. எவ்வழியே என்பதில் நாம் தெளிவுடையோராதல் வேண்டும்.

பிரிட்டனில் 1969-இல் நிறுவப்பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி எதுவும் கேளாது மாணவரை ஏற்றது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் 1974-இல் முதிர்வயதினர்க்கென ஆயத்தப் படிப்பொன்றைத் தொடங்கியது. நம் நாட்டில் 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு ஆறுமாத ஆயத்தப் படிப்பை வகுத்தது. சமூக அறிவியல், வணிகவியல், பொதுக்கணிதம் ஆகியவற்றுள் இரண்டில் தேறியவர், பன்னிரண்டாம் வகுப்பின்றியே பட்டப்படிப்பில் சேர்ந்தனர். 2002-இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகைய வாயிலைத் திறந்தது.

இவ்வேற்பாட்டில் நாம் காணும் குறை ஒன்றுண்டு. அதன் தேர்வு, கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்வதாக அமைந்தது. பட்டப்படிப்போ கட்டுரை வரையக் கேட்கிறது. பல ஆண்டுகள் பேனாவையே தொடாதவர் ஆங்கு இடறுதல் வியப்பன்று. அவருக்குக் குறைவாயிருப்பது அறிவன்று, எழுத்துப் பயிற்சியே.

இதனினும் பெரிய இடறல் பின்னர் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் வழங்கிய தீர்ப்பையொட்டி, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் பெற்ற பட்டமே அரசுப்பணிக்கும் பதவி உயர்விற்கும் செல்லும் எனத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. உழைத்துப் பெற்ற பட்டம் கையிலிருந்தும் பதவி உயர்வை இழந்தோர் நிலை இரங்கத்தக்கது. படிப்பில் சேருமுன் இதனை அவர்க்குச் சொல்வார் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, கேட்பவரின் நோக்கத்தை முதலில் அறிதல் நலம். அறிவுவேட்கை ஒன்றே நோக்கமாயின் ஆயத்தப் படிப்பைப் பழித்தல் தகாது. பணியுயர்வு கருதுவோர், காலம் சற்று நீளினும், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வராகவோ பள்ளித் தேர்வுகளை முறையே முடித்து வருதலே தக்கது. திறந்தநிலைப் பள்ளியில் உச்ச வயது வரம்பில்லை. எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவரும், தமக்குப் போதிய கல்வித்திறன் உண்டெனத் தாமே எழுதியளித்துப் பத்தாம் வகுப்பிற்குப் பதிவு செய்ய அதன் விதிகள் இடமளித்துள்ளன.