வட்டாவும் மரைக்காலும் ஆராய்ச்சிப் பொருளாகுமா?

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் சாலையில், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே காரைதீவு இருக்கின்றது. சுவாமி விபுலாநந்தர் 1892 ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. அவர் பல்லாண்டு உழைத்து, 1947 இல் வெளியிட்ட யாழ்நூலை நேயர்கள் அறிவர். அந்நூலுக்கு அத்துணை உழைப்பு ஏன் வேண்டியிருந்தது என்பதை மட்டும் நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பழந்தமிழ்ப் பாணர் வாசித்த யாழ் ஒன்றேனும் நமக்கு எஞ்சவில்லை. ஆதலின் பாட்டிலும் உரையிலும் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் திரட்டி, நரம்புகளைக் கணக்கிட்டு, உருவத்தை உய்த்துணர வேண்டியவரானார் சுவாமிகள். ஒரு யாழும், அதன் உறுப்புகளைத் தொட்டுக்காட்டிப் பெயர் சொல்ல ஒரு பாணனும் கிடைத்திருப்பின் அவ்வுழைப்பிற் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் அன்றோ?

பொருள் போய்விட்டால் பெயர் மட்டும் நிற்கும். பெயர் போய்விட்டாலோ பொருள் ஊமையாகிவிடும். இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பதற்கென்றே பல்கலைக்கழகங்கள் தமக்குரிய நூதனசாலைகளை வைத்திருக்கின்றன. அங்கே மாணவருக்கு வழங்கப்படும் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். ஆங்கிலத்தில் பெல்லோசிப் என்பது இதுதான்.

நூதனசாலை என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது கண்ணாடிப் பெட்டியும், 'தொடாதே' என்னும் பலகையும், விடுமுறை நாளிற் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியருமே. கொழும்பு நூதனசாலையை எடுத்துக்கொள்வோம். 1877 இல் திறக்கப்பெற்ற அந்த வெண்ணிற மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தகாரர். என்ன கைம்மாறு வேண்டுமெனத் தேசாதிபதி கிரகெரி வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட்டிருக்க வேண்டுமென்று மட்டுமே அவர் கேட்டார் என்பர். நெடுங்காலம் அவ்வாறே மூடப்பட்டும் வந்தது. இவ்வரலாற்றை அறிந்தோர் பலர். எனினும் அம்மாளிகையின் உட்புற அறைகளில் பேரேடுகளை வைத்துக்கொண்டு எண்ணிடுவோரும் அளப்போரும் என்ன செய்கின்றனர் என்பதை அறிந்தோர் சிலரே.

பல்கலைக்கழக நூதனசாலையில் அந்த உட்புற அறையே முதன்மையானது. ஒக்ஸ்போட்டில் 1683 இல் திறக்கப்பட்ட அஷ்மோலியன் நூதனசாலையின் பழைய கட்டடத்தில் மேல்தளத்தில் அரும்பொருள்களும், நடுத்தளத்தில் விரிவுரை மண்டபமும், நிலவறையில் இரசாயன ஆய்வுகூடமும் இருந்தன. காண்பதும் கற்பதும் சோதிப்பதும் ஒரே கூரையின்கீழ் நடைபெற்றன. பின்னர் பிற் ரிவர்ஸ் என்னும் படைத்தலைவர் தாம் தொகுத்த ஆயிரக்கணக்கான பொருள்களை அதே பல்கலைக்கழகத்துக்கு 1884 இல் கொடுத்தபோது ஒரு நிபந்தனை விதித்தார். பொருள்களைப் பாதுகாத்தால் மட்டும் போதாது, அவைபற்றி மாணவருக்குக் கற்பிக்க ஒரு விரிவுரையாளரையும் நியமிக்க வேண்டும் என்பதே அது. எட்வேட் டைலர் அப்பதவிக்கு வந்தார். மானிடவியல் அங்கே ஒரு பாடமாயிற்று. இந்தியாவிலே கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1937 இல் அசுதோஷ் நூதனசாலையை நிறுவிற்று.

உபகாரச் சம்பளம் பெறும் மாணவர் செய்வது என்ன? பொதுவாக, விடுமுறைக் காலமொன்றில் சில வாரங்களோ மாதங்களோ அவருக்கு உணவுக்கும் பயணத்துக்கும் போதிய தொகை கிடைக்கும். ஒரு காப்பாளரும் ஓர் ஆசிரியரும் வழிகாட்டுவர். நூதனசாலையிலுள்ள பொருட்டொகுதி ஒன்றை அவர் தமதாக்கிக்கொள்வார். முதற்பாடம் பேரேடு. இப்பொருள் எவரிடமிருந்து, எவ்வூரிலிருந்து, எந்நாளில், எவ்வாறு வந்தது? விலைக்கா, கொடையாகவா, இரவலாகவா? அடுத்து அளவு, மூலப்பொருள், பழுது. பின்னர் எண்ணிடுதல். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. எண்ணைப் பொருளின்மீது நேரே எழுதமாட்டார்கள். மறைவான ஓரிடத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுப் பூசி, அதன்மேல் எழுதி, மீண்டும் பூசுவர். வேண்டும்போது பொருளுக்கு ஊறின்றி நீக்கிவிடலாம். துணியாயின் எண் எழுதிய நாடாவைத் தைப்பர். இறுதியில் மாணவர் ஓர் அறிக்கை எழுதுவார், அல்லது ஒரு பெட்டியளவு காட்சியேனும் அமைப்பார்.

இத்தனையும் மேனாட்டுச் செய்தியாயிற்றே, எமக்கென்ன என்று கேட்கலாம். எமது கரையோடு இதற்குள்ள உறவைச் சொல்லுகிறோம். சிக்காகோப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவராக டெனிஸ் மக்கில்வ்றே என்பவர் 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். 1971 வரை தங்கித் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் அவ்வூரில் குடிமுறையையும் மணமுறையையும் கற்றார். பின்னர் கொலராடோப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். எமது வீடுகளில் மூத்தம்மாமார் நாளும் பேசுகின்ற சூடு, குளிர்ச்சி என்னும் உணவு மருத்துவக் கருத்து, அப்பல்கலைக்கழக நூதனசாலையின் துணையோடு 1998 இல் படங்களுடன் ஒரு நூலாயிற்று. எமது கரையைப் பற்றிய அவரது பெருநூல் 2008 இல் வெளிவந்தது. பிள்ளை பெற்றவளுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று எமது அடுக்களையில் நடக்கும் வாதம் றொக்கி மலையடிவாரத்து நூதனசாலைக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று! இதில் எமக்கு மனக்குறை இல்லை, நன்றியே உண்டு. ஆயினும் அடுக்களைக்கு உரியவளின் பேத்தியும் அவ்வாராய்ச்சியைச் செய்யவேண்டும் என்பது எம் ஆசை.

அதற்குப் பேத்தியே தகுதியுடையவள் என்போம். இக்கரையோரத்துத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியாக வருகின்றது. மகளுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதும் வழக்கம். ஆகவே வீட்டுச் சாமான்களும் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கே இறங்குகின்றன. வெற்றிலை வைக்கும் பித்தளை வட்டா, படிக்கம், பெட்டகம், பன்பாய் ஆகியவற்றின் வரலாறு பெண்களின் நினைவிலேதான் இருக்கின்றது. வெளியூர் ஆடவர் எத்துணை நல்லவராயினும் முன்விறாந்தை வரையிலேயே வருவார். உம்மம்மாவின் அறைக்குள் அமர்ந்து, "இந்த வட்டாவை யார் கல்யாணத்துக்கு வாங்கினீங்க, உம்மம்மா?" என்று கேட்க அவ்வீட்டுப் பெண்ணால்தான் முடியும்.

ஆடவர் தொழிலிலும் தேடவேண்டியவை ஏராளம். மருதமுனைக் கைத்தறியைப் பாருங்கள். பாவு, ஊடு, அச்சு, நாடா என நாம் இரண்டொரு சொல்லோடு நின்றுவிடுகிறோம். தறியில் இருப்பவரோ ஒவ்வொரு கயிற்றுக்கும் கட்டைக்கும் பெயர் சொல்வார். வயல்வட்டைகளில் நெல் அளந்த மரைக்கால் இப்போது எத்தனை வீடுகளில் உண்டு? களவெட்டியில் நாட்பேச்சுப் பேசாது, பொருள்களை வேறு பெயரிட்டு அழைக்கும் வழக்கம் முன்னர் இருந்தது. உழவு இயந்திரமும் வெட்டும் இயந்திரமும் வந்தபின் அப்பெயர்களுக்கு வேலையில்லை. வித்துவான் வீ. சீ. கந்தையா 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியபோது இத்தகைய வழக்குகள் உயிரோடிருந்தன. அவரைப்போல் ஊரூராய்ச் சென்று கேட்க இன்று பலர் வேண்டும்.

காலம் காத்திருக்கவில்லை. 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 இல் வந்த கடல், இலங்கையிலே அம்பாறை மாவட்டத்தில்தான் மிகுதியான உயிர்களைக் கொண்டுபோயிற்று. பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகள் பெட்டகங்களோடும் காகிதங்களோடும் போயின. மனிதரை இழந்தவரிடம் போய்ச் சாமான்களைப் பற்றிப் பேச எவருக்கும் நா எழாது. ஆயினும் திருமணப் படமும் பாட்டனார் எழுதிய அரபுத்தமிழ் ஏடும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக வயதினர். தம் வீட்டில் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். விடை சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள்.

ஒலுவிலிலே 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கலை, இஸ்லாமிய கற்கை, அறபு மொழி, பிரயோக விஞ்ஞானம் ஆகிய துறைகள் யாவும் உள்ளன. சுவடியின் எழுத்தை வாசிக்க அறபுத் துறையினரும், பித்தளைக் களிம்பையும் பூச்சியரிப்பையும் ஆராய விஞ்ஞானத் துறையினரும் ஒரு மேசையைச் சுற்றி அமரலாம். ஆண்டுக்கு நான்கைந்து மாணவருக்கு விடுமுறைக்கால உபகாரச் சம்பளம் அளிப்பது பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரிய கொடையன்று. ஒரு வர்த்தக சங்கமோ, வெளிநாடு சென்று உழைக்கும் ஊரவர் சிலரோ கூடினால் இயலும்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். உபகாரச் சம்பளம் பெற்ற மாணவரைத் தூசி துடைக்கவும் நாற்காலி அடுக்கவும் வைத்துக்கொள்ளும் நிலை எங்கும் ஏற்படலாகாது. அவருக்கென ஓர் ஆய்வுவினாவும், அறிக்கையில் அவர் பெயரும் இருத்தல் வேண்டும். அவருக்குத் தகவல் சொன்ன முதியோரின் பெயரும் அவர்கள் இசைந்தால் அதில் இருக்கட்டும். மற்றது, ஆராய்ச்சி என்று சொல்லி வீட்டுப் பொருளை அள்ளிச் செல்வது. பெண்ணுக்கென வைத்த வட்டாவைக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? வரவேண்டியதுமில்லை. படமும் அளவும் வரலாறும் நூதனசாலைக்கு வந்தாற் போதும். வட்டா வீட்டிலேயே இருக்கட்டும். கொடுக்க விரும்புவோரிடமும் முதலில் இரவலாக வாங்கி, எழுத்திற் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் முறை.

இதற்கு வேண்டிய கருவிகளோ மிகச் சில. ஓர் அளவு நாடா, ஒரு குறிப்புப் புத்தகம், படம் பிடிக்கவும் குரலைப் பதியவும் கைத்தொலைபேசி. குரலைப் பதிவுசெய்யும்போது தொடக்கத்திலேயே நாளையும் ஊரையும் பேசுபவர் பெயரையும் சொல்லிவிட வேண்டும்; பத்தாண்டு கழித்துக் கேட்பவருக்கு இது யார் குரலென்று தெரியாது. கேள்வி கேட்கும்போது மூத்தம்மாவின் கையிலே அந்தப் பொருளைக் கொடுத்துவிடுவது நல்லது. கை பட்டவுடன் பேச்சுத் தானே வரும்.