மொத்தமே 5 ஆட்டம்... சம்பளம் 4 கோடி டாலர்! யார் இந்த சேஸ் டேனியல்?

முதல் நிமிஷத்திலிருந்து களமிறங்கியது வெறும் 5 ஆட்டங்கள். 2 வெற்றி, 3 தோல்வி. சம்பாதித்ததோ சுமார் 4 கோடி டாலர். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-லில் 2009 முதல் 2022 வரை வலம்வந்த சேஸ் டேனியலின் கணக்கு இது. 'சும்மா உட்கார்ந்திருக்கவா இவ்வளவு காசு?'ன்னு கேட்கத் தோணும். ஆனால், விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை.

இது நாம் பார்க்கிற ஃபுட்பால் கிடையாது. கையால் எறிந்து ஆடும் ஆட்டம். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் கைக்குத்தான். யாருக்கு எறிவது என்பதைச் சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். இங்கே அப்படி இல்லை. முதல் ஆள் அடிபடணும், அல்லது படுமோசமாகச் சொதப்பணும். அப்போதுதான் பேக்கப்புக்கு வேலை.

அதுவரை என்ன செய்வார்? பயிற்சியில் பெரும்பாலான வாய்ப்புகள் முதல் ஆளுக்கே போய்விடும். பேக்கப்போ அந்த வாரம் மோதப்போகிற எதிரணியின் குவார்ட்டர்பேக் மாதிரி ஆடிக்காட்டி, சொந்த அணியின் தடுப்பு ஆட்டக்காரர்களைத் தயார்படுத்துவார். அதாவது, தன் அணியின் திட்டத்தை அதிகம் ஆடிப்பார்க்காமலே அத்தனையையும் மனப்பாடமாக வைத்திருக்கணும். கொடுமைதான்!

2016-ல் டேனியலோடு 3 ஆண்டுகளுக்கு 2.1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது ஃபிலடெல்பியா ஈகிள்ஸ். அந்த சீசனில் அவர் எறிந்தது ஒரே ஒரு பாஸ். அடுத்த ஆண்டே அனுப்பிவிட்டார்கள்.

2018 நவம்பரில் கதை வேறு. சிகாகோ பேர்ஸ் அணியின் மிட்ச் ட்ருபிஸ்கிக்கு ஞாயிறு ஆட்டத்தில் தோளில் அடி. அடுத்த ஆட்டம் வியாழக்கிழமையே! டேனியல் கடைசியாக முதல் ஆளாக ஆடி ஏறக்குறைய 4 வருஷம் ஆகியிருந்தது. ஒழுங்கான பயிற்சிக்கே நேரமில்லை. ஆனாலும் 230 யார்டு எறிந்து, 2 டச்டவுன் போட்டு, டெட்ராய்ட் லயன்ஸை 23-16 என ஜெயிக்க வைத்தார். அந்தக் காசு இதுக்குத்தான்.

அப்படி ஒரு ஆள் மிஞ்சாவிட்டால்? 2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அதுதான் நடந்தது. சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் பிராக் பர்டிக்கு முழங்கையில் காயம். பதிலுக்கு வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. வேறு வழியில்லாமல் சரியாக எறியவே முடியாத பர்டியைத் திரும்ப இறக்கினார்கள். ஸ்கோர் 31-7, தோல்வி. அதே ஆண்டு, அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவரை வைத்துக்கொள்ள லீக் விதியையே மாற்றியது.

பெஞ்சிலிருந்து உச்சத்துக்குப் போனவரும் உண்டு. நிக் ஃபோல்ஸ், 2018 பிப்ரவரியில் பேக்கப்பாக வந்து ஈகிள்ஸுக்கு முதல் சூப்பர் பவுலை வென்று கொடுத்தவர். அடுத்த சீசனில் கார்சன் வென்ட்ஸ் குணமாகித் திரும்ப, இவர் மறுபடி பெஞ்சுக்கு. 2019-ல் ஜாக்சன்வில் அணி 8.8 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு முதல் ஆளாகவே அழைத்துக்கொண்டது. முதல் ஆட்டத்திலேயே கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. உள்ளே வந்தவர் கார்ட்னர் மின்ஷு, அந்த அணியின் பேக்கப்!