ஐப்பசிக் குளத்தில் காவல் விரால்

சங்கரன்கோவில் வட்டார மானாவாரிக் குளங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் உயிர். ஐப்பசியில் தண்ணீர் ஏறியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெர்மாகோல் தெப்பங்கள் குளத்தில் இறங்கிவிடும். ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் தூண்டில் வீசுவார்.

இருவராகப் போவதே நல்லது. ஒருவர் தவறி விழுந்தால் மற்றவர் துடுப்பை நீட்டலாம். வலைக்கயிற்றைக் கையிலோ காலிலோ கட்டக் கூடாது. இடி கேட்டதும் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். மீன்பாசி குத்தகைக்கு விட்ட குளம் என்றால், குத்தகைதாரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கவனமும் தேவை. மழைக்காலம்தான் விரால் முட்டையிடும் காலம். கரையோரப் புல், பாசிக்கு நடுவே முட்டையிட்டு, குஞ்சு பொரித்த பிறகும் தாய், தகப்பன் மீன்கள் காவல் இருக்கும். சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கினால், அடியில் பெரிய விரால் நிற்கிறது என்று பொருள். இது தெரிந்தவர்கள் அங்கேதான் தவளையை மாட்டி வீசுவார்கள். காவல் விராலும் பாய்ந்து கவ்விவிடும்.

ஒரு விரால் கைக்கு வரும். ஆனால் காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் தின்று தீர்த்துவிடும்.

குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் தெப்பத்தைத் தள்ளி ஓட்டுங்கள். குளம் வற்றும் கோடையில் அதன் பலன் வலையில் தெரியும்.